சிறார் நீதியில் பையனும் பெண்ணும்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர், தொண்டி என இந்தக் கரையோரம் எங்கே போனாலும் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறோம். எழுத்தில் சட்டம் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. ஆனால் அதிகாரி தன் மனதுக்குப் பட்டதை வைத்து முடிவெடுக்க எங்கெல்லாம் இடம் இருக்கிறதோ, அங்கெல்லாம் பெண்ணுக்கு ஒரு நியாயம், பையனுக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடுகிறது. அந்த இடங்களில் என்ன கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தப் பக்கத்தில் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

இந்தச் சட்டம் எத்தனை வயசு வரைக்கும்? பொண்ணுக்கும் பையனுக்கும் ஒரே வயசா?

ஒரே வயதுதான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 18 வயது முடியாத எவரும் குழந்தை. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு. 17 வயதில் நடந்ததற்கு 19 வயதில் பிடித்தாலும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் விசாரணை நடக்கும்.

"பையனுக்கு 16 தானே" என்று இன்னமும் சிலர் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் பையனுக்கு 16, பெண்ணுக்கு 18 என்றுதான் இருந்தது. 2000ஆம் ஆண்டு வந்த சட்டம் இருவருக்கும் 18 ஆக்கியது. 16 என்ற எண் இன்று வேறோர் இடத்தில் வருகிறது. அதைக் கொடுங்குற்றம் பற்றிய கேள்வியில் சொல்கிறோம்.

ஒருத்தர் ஜுவனைல் கோர்ட்டுங்கிறாரு, ஒருத்தர் கமிட்டிங்கிறாரு. எது எதுக்கு?

குற்றம் செய்ததாகப் புகார் உள்ள குழந்தை போவது இளைஞர் நீதிக் குழுமத்துக்கு. அதில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை போவது குழந்தைகள் நலக் குழுவுக்கு. அதில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் உண்டு. அங்கும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். துன்புறுத்தப்பட்ட குழந்தை, வேலைக்கு அனுப்பப்பட்ட குழந்தை, கட்டாயத் திருமணத்துக்கு நிற்கும் குழந்தை எல்லாம் இங்கே வருவார்கள்.

முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "எங்கள் பிள்ளை எந்தக் குழு முன்னால் நிற்கிறது?" இது தெரியாமல் பல குடும்பங்கள், பெண்பிள்ளையை நலக் குழு முன் கொண்டுபோனதையே "கேஸ் போட்டுட்டாங்க" என்று நினைத்து வாயடைத்துப் போகின்றன. நலக் குழு முன் நிற்கும் குழந்தை குற்றவாளி கிடையாது. அந்தக் குழந்தையின் விருப்பத்தைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதும் சட்டத்திலேயே உள்ள கோட்பாடு.

ஸ்டேஷன்ல எவ்வளவு நேரம் வச்சிருக்கலாம்? ராத்திரி வச்சிருக்கலாமா?

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பில் ஒரு நிமிடம்கூட வைக்க முடியாது. சிறைக்கும் அனுப்ப முடியாது. குழுமம் கூடாத நாளாக இருந்தால் ஏதேனும் ஓர் உறுப்பினர் முன் நிறுத்தலாம். ஆகவே "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, நாளைக்குத்தான்" என்ற பதில் செல்லாது.

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குறைந்தது ஏஎஸ்ஐ (அசிஸ்டன்ட் சப்-இன்ஸ்பெக்டர்) தகுதியில் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் சீருடை இல்லாமல் சாதாரண உடையில் பேச வேண்டும். விலங்கு போடக் கூடாது. குழந்தையிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. பெண்பிள்ளை என்றால் பெண் காவலர் உடனிருக்க வேண்டும். பொதுவான கைது விதிப்படி சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை பெண்ணைக் கைது செய்வதற்கு, விதிவிலக்கான சூழலில் நடுவரின் முன் அனுமதியோடு பெண் அலுவலர்தான் வர வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கொடுங்குற்றம் (குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம்) என்ற புகார் இல்லாமலும், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்படாமலும் இருந்தால் எப்ஐஆர் போட வேண்டியதே இல்லை. பொது நாட்குறிப்பில் பதிந்து, குழந்தையின் சமூகப் பின்னணி அறிக்கையைக் குழுமத்துக்கு அனுப்பினால் போதும். சின்னச் சண்டைக்கும் செல்போன் திருட்டுக்கும் பிள்ளையை இரவெல்லாம் உட்கார வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

அவங்க அப்பா கடலுக்குப் போயிருக்காரு. "அப்பா வந்து கையெழுத்துப் போட்டாத்தான் விடுவோம்"கிறாங்க. நான் போனா ஆகாதா?

ஆகும். சட்டம் கேட்பது பெற்றோரை அல்லது பாதுகாவலரை. அம்மா தனியாகப் போய்ப் பிணைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு அழைத்து வரலாம். ஜாமீன்தாரர் இல்லாமலும் விடுவிக்கலாம். நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலோ, தகுந்த ஒருவரின் பொறுப்பிலோ விடலாம் என்றும் இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 12 சொல்கிறது. (இனி வெறுமனே பிரிவு என்று வந்தால் இந்தச் சட்டத்தின் பிரிவுதான்.) பாட்டியோ அத்தையோ வளர்க்கிற பிள்ளைக்கும் இது பொருந்தும்.

கீழக்கரையில் தகப்பன் வளைகுடா நாட்டில் இருப்பார். பாம்பனில் விசைப்படகில் இருப்பார். அம்மாவின் சொல்லை ஏற்க மாட்டோம் என்றால் இந்தக் கரையில் பாதிப் பிள்ளைகளுக்கு ஆளே கிடையாது. போகும்போது அம்மாவின் ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்று, இருந்தால் 10ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் போதும்.

வயசுக்கு ஆதார் கார்டு காட்டினா போதாதா? டிசி இருக்கு, அது போதுமா?

இரண்டையும் மட்டும் நம்ப வேண்டாம். பிரிவு 94 ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது 10ஆம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் ஊராட்சி, நகராட்சி பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு எக்ஸ்ரே. ஆதாரைப் பிறந்த தேதிக்கான சான்றாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன யுவபிரகாஷ் வழக்கில், 2023இல், டிசியும் சேர்க்கைப் பதிவேட்டின் நகலும் அந்தப் பிரிவு கேட்கும் சான்று ஆகாது என்றது.

எட்டாவதோடு நின்று கடலுக்குப் போன பையன்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். 10ஆம் வகுப்புச் சான்று இருக்காது. கையில் டிசி மட்டும் இருக்கும். இப்போதே ஊராட்சியில் பிறப்புப் பதிவு இருக்கிறதா என்று பார்த்துச் சான்று வாங்கி வையுங்கள். எக்ஸ்ரே வரைக்கும் போனால் கணக்கு ஓரிரு ஆண்டு முன்பின்னாகத்தான் வரும். 18 வயதுக்குட்பட்டவன் என்ற கோரிக்கையை வழக்கின் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம். தீர்ப்புக்குப் பிறகும் எழுப்பலாம்.

பொண்ணு வீட்டை விட்டுப் போயிட்டா. கண்டுபிடிச்சா அவ மேல கேஸ் வருமா?

வராது. வீட்டை விட்டுப் போவது குற்றமில்லை. அவளை நலக் குழு முன் நிறுத்துவார்கள். குழு விசாரித்து வீட்டுக்கு அனுப்பலாம், அல்லது குழந்தைகள் இல்லத்தில் தங்க வைக்கலாம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அதே வயதுப் பையன் சென்னைக்கு ஓடிப்போய் ஓட்டலில் வேலை செய்து பிடிபட்டால் அடுத்த ரயிலில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெண் என்றால் "பாதுகாப்புக்காக" மாதக்கணக்கில் இல்லத்தில். சட்டப்படி இல்லத்தில் வைப்பது கடைசி வழி. சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும். இறுதி உத்தரவு முதலில் நிறுத்திய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் வர வேண்டும். வீட்டிலேயே ஆபத்து என்றால், உதாரணமாக அடியோ கட்டாயக் கல்யாணமோ காத்திருந்தால், இல்லம்தான் சரி. அப்படி இல்லாதபோது "ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை" என்பதற்கான காரணத்தை உத்தரவில் எழுதச் சொல்லுங்கள். பெண்ணுக்கு என்ன விருப்பம் என்று தனியாகக் கேட்டார்களா என்றும் கேளுங்கள்.

ஒரே திருட்டுக் கேஸ். பையனுக்கு ஜாமீன் குடுத்துட்டாங்க, பொண்ணுக்கு "வெளிய விட்டா அவளுக்கே ஆபத்து"ன்னு மறுத்துட்டாங்க. இது நியாயமா?

குழந்தைக்கு ஜாமீன் விதி, மறுப்பு விதிவிலக்கு. குற்றம் ஜாமீனில் விடக்கூடியதா இல்லையா என்ற பேச்சே இங்கே கிடையாது. மூன்று காரணங்களுக்கு மட்டும் மறுக்கலாம்: அறியப்பட்ட குற்றவாளிகளோடு சேர வாய்ப்பு, ஒழுக்கரீதியாகவோ உடல், மனரீதியாகவோ ஆபத்து, நீதியின் நோக்கம் கெடுவது. இந்த இரண்டாவது காரணத்தில் இருக்கும் "ஒழுக்க ஆபத்து" என்ற சொல்தான் பெண்பிள்ளைகளுக்கு வினையாகிறது. பையன் இரவில் படகுத் துறையில் சுற்றினால் யாரும் அதை ஒழுக்க ஆபத்து என்று எழுதுவதில்லை. பெண்ணுக்கு ஓர் ஆண் நண்பன் இருந்தாலே எழுதிவிடுகிறார்கள்.

இதற்கு எதிராகக் கையில் இருப்பது எழுத்துதான். மறுத்தால் காரணத்தையும் அதற்கு இட்டுச் சென்ற சூழலையும் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். "எந்த ஆபத்து, யாரால், எந்த ஆதாரம்" என்று வக்கீல் கேட்க வேண்டும். அந்த ஆபத்தைக் குறைக்கும் ஏற்பாட்டையும் நீங்களே முன்வையுங்கள்: சித்தி வீட்டில் தங்குவாள், இந்தப் பள்ளியில் சேர்ப்போம், வாரம் ஒருமுறை நன்னடத்தை அலுவலரைப் பார்ப்பாள். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் 7 நாள் ஆகிவிட்டால், நிபந்தனையை மாற்றுவதற்காகக் குழுமம் முன் மறுபடியும் நிறுத்த வேண்டும்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து எழுதிட்டுப் போனாரு. அதுல என்ன எழுதுவாங்க?

அதன் பெயர் சமூக விசாரணை அறிக்கை. இரண்டு வாரத்துக்குள் குழுமத்துக்குப் போக வேண்டும். குடும்ப வருமானம், படிப்பு, நண்பர்கள், உடல்நலம், வீட்டில் அடி உண்டா, குடி உண்டா, என்ன சூழலில் சம்பவம் நடந்தது என்பதெல்லாம் இருக்கும். ஜாமீனும் இறுதி உத்தரவும் பெரும்பாலும் இதை வைத்தே அமைகின்றன.

பெண்ணின் அறிக்கையில் "நடத்தை சரியில்லை", "அடங்காதவள்", "பல பேரோடு பழக்கம்" என்ற வரிகளைப் பார்க்கலாம். பையன் அறிக்கையில் அதே இடத்தில் "சேர்க்கை சரியில்லை" என்று இருக்கும்: தவறு அவனுடையது ஆகாது, நண்பர்களுடையது ஆகும். குழந்தையைக் குற்றஞ்சாட்டும், களங்கப்படுத்தும் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. வக்கீல் வழியாக அறிக்கையைப் படித்து, இப்படிப்பட்ட வரிகளுக்கு எழுத்தில் ஆட்சேபம் தாக்கல் செய்யுங்கள். அலுவலர் வீட்டுக்கு வரும்போது பள்ளி ஆசிரியரின் பெயர், அம்மாவின் வேலை நேரம், தங்க ஏற்பாடு ஆகிய தகவல்களைத் தயாராகச் சொன்னால் அறிக்கை தகவலால் நிறையும். அபிப்பிராயத்துக்கு இடம் குறையும்.

பொண்ணுக்கான இல்லம் ரொம்ப தூரமாமே?

மாவட்டத்துக்கு ஒரு கூர்நோக்கு இல்லம் (விசாரணை நடக்கும்போது குழந்தையைத் தங்க வைக்கும் இடம்) அல்லது பல மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒன்று என்று சட்டம் அனுமதிக்கிறது. பெண்பிள்ளைகள் எண்ணிக்கை குறைவு என்பதால் அவர்களுக்கான இல்லங்களும் குறைவு. அதனால் பெண் தூர ஊருக்குப் போகிறாள். மீன் காயப்போட்டுப் பிழைக்கிற அம்மாவால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பார்க்கப் போக முடிவதில்லை. அவளுக்கு யாரும் வராததால் "குடும்பம் அக்கறை காட்டவில்லை" என்று அறிக்கையில் ஏறுகிறது.

இந்தத் தூரத்தையே ஜாமீன் மனுவில் ஒரு காரணமாகச் சொல்லுங்கள். பெண்கள் இல்லத்தில் பொறுப்பாளரும் பணியாளர்களும் பெண்களாக இருக்க வேண்டும். சானிட்டரி நாப்கின் கொடுக்கப்பட வேண்டும். படிப்பு தொடர வேண்டும். தையலும் பூ வேலையும் மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, பையன்களுக்கு எலெக்ட்ரிகல், கம்ப்யூட்டர் என்று இருந்தால் அதுவும் பாகுபாடுதான். கேளுங்கள்.

பொண்ணைக் கண்டுபிடிச்சு கொண்டுவந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. சம்மதிக்கணுமா?

கட்டாயமில்லை. மருத்துவப் பரிசோதனைக்குப் பெண்ணின் அல்லது அவள் சார்பில் சம்மதிக்கத் தகுந்தவரின் ஒப்புதல் வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி பெண்குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ, பெண் நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். சிகிச்சைக்கு எப்ஐஆர் வேண்டும் என்று மருத்துவமனை சொல்லக் கூடாது.

இருவிரல் சோதனை கூடாது. சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் 2022இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டன. "பழக்கப்பட்டவள்" என்ற வரி மருத்துவச் சான்றில் இருந்தால் உடனே வக்கீலிடம் காட்டுங்கள்.

எம் மகனுக்கு 16. மூட்டை தூக்கிவிட ஐநூறு ரூபா குடுத்தாங்க. அதுல கடல் அட்டை இருந்துச்சாம். இனி என்ன ஆகும்?

இந்தக் கரையில் பையன்கள் மாட்டும் வழி பெரும்பாலும் இதுதான். அவித்துக் காயவைத்த அட்டை மூட்டையை விடியுமுன் தோப்பிலிருந்து வல்லத்துக்கு (நாட்டுப்படகுக்கு) ஏற்றிவிட வேண்டும், மூட்டைக்காரர் கரையில் நிற்க மாட்டார், பிடிபடுவது பையன். கடல் அட்டை பிடிப்பதும் வைத்திருப்பதும் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை. ஆனால் அது கொடுங்குற்ற வகையில் வராது. ஆகவே அவனைப் பெரியவனாக விசாரிக்கும் பேச்சு எழாது. கஞ்சா என்றால் எடையைப் பாருங்கள். 20 கிலோவுக்கு மேல் போனால் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு, அது கொடுங்குற்றம்.

பிடித்தவர் வனத்துறையாக இருந்தாலும், கடலோரக் காவல் குழுமமாக இருந்தாலும், சுங்கத்துறையாக இருந்தாலும் மேலே சொன்ன 24 மணி நேரமும் ஜாமீனும் அப்படியே பொருந்தும். வேறெந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும் குழந்தையைப் பிடிப்பது, வைத்திருப்பது எல்லாம் இந்தச் சட்டப்படிதான்.

அதோடு, அவனை ஏவியவர் மேல் நடவடிக்கை கேளுங்கள். குழந்தையைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவருக்குப் பிரிவு 83இன்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. போதைப்பொருள் கடத்தப் பயன்படுத்தினால் பிரிவு 78. பெண்பிள்ளையை இப்படிப் பயன்படுத்தினால் "பாவம், ஏமாற்றிவிட்டார்கள்" என்று பார்க்கிற கண், பையனைப் பார்க்கும்போது "கடத்தல்காரன்" என்று பார்க்கிறது. கூலிக்கு மூட்டை தூக்கிய 16 வயதுப் பையனும் சுரண்டப்பட்டவன்தான். இதைக் குழுமத்தின் முன் சொல்லியே ஆக வேண்டும்.

ரெண்டு பேருக்கும் 17. ரெண்டு பேரும் விரும்பித்தான் போனாங்க. பையன் மேல மட்டும் போக்சோ எப்படி?

இதுதான் நாங்கள் அதிகம் கேட்ட கேள்வி. போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது. இருவரும் குழந்தைகள் என்றாலும் பெண்ணின் வீடு புகார் கொடுக்கும். பெண் பாதிக்கப்பட்டவள் ஆவாள், பையன் குற்றம் சாட்டப்பட்டவன் ஆவான். ஒரே செயலில் ஒருவர் நலக் குழுவுக்கும் மற்றவர் நீதிக் குழுமத்துக்கும் போகிறார்கள். பெண்ணின் மனமும் இதில் இல்லை: அவள் "நானும்தான் விரும்பினேன்" என்று சொன்னாலும் யாருக்கும் அது காதில் விழுவதில்லை.

செய்ய முடிந்தவை உண்டு. பையன் 18க்குட்பட்டவன் என்றால் போக்சோ பிரிவு 34இன்படி வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்கே போக வேண்டும். வயதுச் சான்றை முதல் நாளே கொடுங்கள். நடுவர் முன் பெண் தரும் வாக்குமூலம் முக்கியம். அவளை யாரும் மிரட்டாமல், சொல்லிக்கொடுக்காமல் பார்க்க வேண்டும். இளவயதுக் காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் 2022 டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்பினார். வக்கீலிடம் அதை நினைவுபடுத்துங்கள். வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம். விஜயலட்சுமி வழக்கில் 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்படி ரத்து செய்தார். ஆனால் எல்லா வழக்கும் ரத்தாகிவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். மேற்கு வங்க வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2024இல் விடுதலையை ரத்து செய்தது. 2025இல்தான் தண்டனை விதிக்காமல் விட்டது.

"பெரியவனா விசாரிப்போம்"னு சொல்றாங்களே, அது எப்போ?

மூன்றும் சேர்ந்தால் மட்டும்: வயது 16 முடிந்திருக்க வேண்டும், குற்றம் கொடுங்குற்றமாக, அதாவது குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ளதாக இருக்க வேண்டும், குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்து குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். மேலே சொன்ன காதல் வழக்கு இந்த வலையில் எளிதாக விழுகிறது. உடலுறவுக்கான போக்சோ தண்டனை 2019 முதல் குறைந்தது 10 ஆண்டு. ஆகவே 17 வயதுக் காதலன், கொலை வழக்கில் சிக்கியவன் வரும் அதே மதிப்பீட்டுக்கு வருகிறான்.

மதிப்பீடு என்பது "செய்தானா இல்லையா" என்ற விசாரணையல்ல. விளைவைப் புரிந்துகொள்ளும் திறன், மன, உடல் திறன், சூழ்நிலை ஆகியவையே அங்கே பார்க்கப்படும். 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிபுணர் கால்மணி நேரம் பேசிவிட்டு எழுதிய அறிக்கையை எதிர்த்து வாதாடுங்கள். இந்த உத்தரவுக்கு 30 நாளில் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். எது நடந்தாலும் தூக்கோ, விடுதலைக்கு வழியில்லாத ஆயுளோ குழந்தைக்குக் கிடையாது.

படகுல போன பையனுக்கு ஒரு ஆள் தப்பா நடந்துக்கிட்டான். பையனுக்கு எதுக்கு போக்சோ?

பையனுக்கும்தான் போக்சோ. அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 18க்குட்பட்ட எவரும். தண்டனையிலும் வேறுபாடு இல்லை. பையனின் வாக்குமூலத்தையும் அவன் விரும்பும் இடத்தில், சீருடையில்லாத அலுவலர், முடிந்தவரை பெண் உதவி ஆய்வாளர், எழுத வேண்டும்.

"ஆம்பளப் பய, மறந்துருவான்" என்று விடுவதுதான் இந்தக் கரையின் பெரிய தவறு. படகில் பல நாள் ஒரே ஆட்களோடு இருக்க வேண்டியவன். கரைக்கு வந்ததும் மறுபடி போக மறுப்பான், சாப்பிட மாட்டான், யாரிடமாவது சண்டை பிடிப்பான். பிறகு அந்தச் சண்டைக்காகவே நீதிக் குழுமத்தின் முன் நிற்கிற பையன்கள் உண்டு. அப்போதாவது அவனுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். நலக் குழுவிடம் ஆதரவு நபர் ஒருவரைக் கேளுங்கள். இடைக்கால இழப்பீடும் கேட்கலாம். அவனுக்கு 14 வயது ஆகாமல் படகில் ஏற்றியிருந்தால் ஏற்றியவர் மேல் தனியே வழக்கு வரும்.

ஊர்க்கூட்டத்துல பேசி முடிச்சிருவோமே?

பிள்ளைகளுக்குள் வாய்ச்சண்டை, வலை கிழிந்தது, தேங்காய் பறித்தது என்றால் பேசுங்கள். போக்சோ விவகாரத்தை ஊர்த்தலைவரோ ஜமாத்தோ தேவாலயப் பங்கோ முடிக்க முடியாது. தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே போக்சோ பிரிவு 21இன்படி 6 மாதம் வரை தண்டனைக்குரிய குற்றம். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்காராத ஊர்களில் பெண்ணின் எதிர்காலத்தை ஆண்கள் மட்டும் பேசி, பணமோ கல்யாணமோ முடிவு செய்கிறார்கள். அது தீர்வாகாது.

கல்யாணம் பண்ணி வச்சிட்டா போக்சோ போயிருமா?

போகாது, கூடும். மனைவியாகவே இருந்தாலும் 18 வயதுக்குள் உடலுறவு குற்றம்தான் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருமண வயது பெண்ணுக்கு 18, பையனுக்கு 21. 18 தாண்டிய ஆண் சிறுமியை மணந்தால் 2 ஆண்டு வரை சிறை. ஏற்பாடு செய்த பெற்றோர் மேலும் வழக்கு வரும். அதில் பெண்களுக்குச் சிறைத் தண்டனை கிடையாது. நடக்கப்போகிறது என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கோ மாவட்ட சமூகநல அலுவலருக்கோ சொல்லுங்கள். நடுவர் தடை உத்தரவு போட்ட பின் நடந்தால் அந்தத் திருமணம் செல்லாது.

பொண்ணு கர்ப்பமா இருக்கா. ஆஸ்பத்திரி போனா போலீஸ் வருமேன்னு பயமா இருக்கு.

அந்தப் பயத்தில் கண்ட மருந்துக்கடை மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. சிறுமிக்கு 24 வாரம் வரை பாதுகாவலர் ஒப்புதலோடு கருக்கலைப்பு செய்யச் சட்டம் இடம் தருகிறது. மருத்துவர் போக்சோப்படி தகவல் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள்.

எங்க பிள்ளை திருநங்கையா மாறிக்கிட்டு வருது. பையன்கள் இல்லத்துல போட்டா என்ன ஆகுமோ?

நியாயமான பயம். இல்லங்கள் ஆண், பெண் என்றுதான் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் நாளே குழுமத்திடம் இதை எழுத்தில் சொல்லி, இல்லத்துக்குப் பதில் தகுந்த நபர் அல்லது தகுந்த நிறுவனத்தின் பொறுப்பில் விடும்படி கேளுங்கள். பிரிவு 51, 52 அதற்கு வழி தருகின்றன. திருநர் என்ற காரணத்துக்காகப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. "மாற்றுகிறோம்" என்று சிகிச்சை செய்வதற்கு 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்திருக்கிறது.

நாங்க மண்டபம் அகதிகள் முகாம். குடியுரிமை இல்லை. எங்க பிள்ளைக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. இந்தச் சட்டம் குடியுரிமை கேட்பதில்லை. முகாமில் பிறந்த பிள்ளைக்கு இங்கேயே பதிந்த பிறப்புச் சான்று எடுத்து வையுங்கள். வயது பற்றிய பதில் உங்களுக்கு இன்னும் அதிகம் பொருந்தும்.

கேஸ் முடிஞ்சிருச்சு. பாஸ்போர்ட், வெளிநாட்டு வேலை, கல்யாணம் எல்லாம் கெட்டுப்போகுமா?

கெடக் கூடாது. பிரிவு 24இன்படி குழுமத்தின் தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் வராது. பெரியவனாக விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் ஆவணங்களை அழிக்க வேண்டும். முடிந்த வழக்கைப் பற்றி நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட போலீஸ் சொல்லக் கூடாது என்பது பிரிவு 74. வளைகுடாவுக்குப் போகப் போலீஸ் சான்று கேட்கும் பையன்கள் இந்தப் பிரிவின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரோ படமோ பள்ளியின் பெயரோ செய்தியில் வந்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம். ஊர் வாட்ஸாப் குரூப்பில் போட்டாலும் அதே தான். பெண்பிள்ளையின் படம் பரவினால் கல்யாணம் நின்றுபோகும் என்று எல்லாரும் மறைக்கிறார்கள். பையன் படத்தைத் தயங்காமல் பகிர்கிறார்கள். அவனுக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

வக்கீல் வைக்கப் பணமில்லை. குழு உத்தரவும் சரியில்லைன்னு தோணுது. எங்க போறது?

ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. குழுமத்தின் உத்தரவையும் நலக் குழுவின் உத்தரவையும் எதிர்த்துக் குழந்தைகள் நீதிமன்றத்தில் 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம். நலக் குழு செயல்படும் விதம் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கலாம். உத்தரவின் நகல் வாங்கிய தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். 30 நாள் கணக்கில் ஒருநாள் தவறினால்கூடத் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனு போட வேண்டியிருக்கும்.